கபடிப் போட்டியும் கைப்பணமும்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையில் உள்ளது செம்பட்டி. ஒட்டன்சத்திரத்துச் சாலையும் அங்கே வந்து கூடுகிறது. சுற்றூர் இளைஞர் கபடிப் போட்டி நடத்த இதனினும் வாய்ப்பான இடம் ஏது?

1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டிலும் இடம்பெற்ற கபடிக்கு மட்டையும் வேண்டா, பந்தும் வேண்டா. பணம் கரைவது பயணத்தில்தான். எட்டு அணிகள் ஒன்றோடொன்று ஆடினால் 28 ஆட்டங்கள். ஊர் மாற்றி இருமுறை ஆடினால் 56. நான்கு நான்காகப் பிரித்துச் செம்பட்டியிலேயே ஆடினால், பிரிவுக்கு 6 ஆட்டங்களே. ஓர் ஆட்டம் இடைவேளையோடு 35 நிமிடம் எனக் கொள்வோம். ஒரு காலைப் பொழுதில் ஒரு பிரிவு முடிந்துவிடும். மூன்றாம் ஞாயிறன்று அரையிறுதியும் இறுதியும். ஆக, மொத்தம் 15.

தோற்றவர் உடனே வெளியேறும் முறையில் 7 ஆட்டங்களே போதுமே என்பீர்கள். ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும் சிறுவன் மறு ஆண்டு வருவானா? அந்தச் சிக்கனம் எனக்கு உடன்பாடன்று.

இனிப் பங்கீடு. பொதுச்செலவு 4,000 ரூபாய் எனக் கொள்வோம், அணிக்கு 500. கடைசி நாளில் இரண்டு அணிகள் விலகினால், எஞ்சியோர் பங்கு ஏறத்தாழ 667. அந்தக் கூடுதலைத் தர இயலாமல் ஒதுங்குபவன் பெரும்பாலும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையே. ஆதலின் பங்கினை முன்னரே பெற்றுவிடுங்கள். கெடுவுக்குப்பின் விலகுவோர்க்குத் திருப்பித் தர வேண்டுவதில்லை. வரவு செலவைக் களத்தருகே பலகையில் எழுதி வையுங்கள். கோப்பை ஒன்றே போதும். அது ஆண்டுதோறும் வென்றவரிடம் செல்லட்டும். களத்துக்கு நீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடிடும் வேலையை உள்ளூர் அணியினர் ஏற்கலாம். அவர்களுக்குத்தான் பேருந்துச் செலவு இல்லையே!