ஒரே திரை, வெவ்வேறு சட்டங்கள்: பார்வையாளரின் உரிமை எங்கே?

ஒரு படம் திரையரங்குக்கு வர வேண்டுமானால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ‘ஏ’ சான்றிதழ் வாங்கியிருந்தால் அதே வடிவில் தொலைக்காட்சியில் காட்ட முடியாது. நேரடியாக ஓடிடியில் வெளியானாலோ தணிக்கை வாரியம் குறுக்கே வராது. எந்த வயதினருக்கானது என்று அந்த ஓடிடி நிறுவனமே முடிவுசெய்துகொள்ளும். அதில் இரண்டு நிமிடத்தை வெட்டி யாரோ யூடியூபில் ஏற்றினால், முன்கூட்டிச் சான்றளிக்க எவரும் இல்லை. வீட்டிலிருக்கும் ஸ்மார்ட் டிவியில் இப்போது எல்லாம் ஒரே ரிமோட்டில் வந்துவிடுகின்றன. சட்டம் மட்டும் பிரிந்து கிடக்கிறது: சேனலுக்கு 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், ஓடிடிக்கும் சமூக ஊடகத்துக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள். இவற்றைப் புதுப்பித்து இசைவாக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படிச் செய்யும்போது அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் கவலை.

இன்று நமக்குள்ள பாதுகாப்பை முதலில் தெரிந்துகொள்வோம். ஓடிடியில் ஒரு தொடரைத் தொட்டதும் திரையின் மூலையில் ‘யு/ஏ 13+’ என்று சில நொடிகள் தோன்றி மறைகிறதே, அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் விதி இருக்கிறது. அந்த வகைக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பெற்றோர் பூட்டு போன்ற வசதியை நிறுவனம் தர வேண்டும். வசதி இருந்தால் போதாது. செட்டிங்ஸுக்குள் போய் ரகசிய எண் போட வேண்டியது நாம்தான். ஆட்சேபம் இருந்தால் ஓடிடி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 15 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். எந்தத் தொடர், எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் புகார் எண்ணும் கைவசம் இருக்கட்டும். சமூக ஊடகத் தளத்தின் குறைதீர் அலுவலர் சொல்லும் முடிவு திருப்தி தராவிட்டால், 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவை இணையவழியிலேயே அணுகலாம். ஆனால் நிறுவனம், சுயஒழுங்கு அமைப்பு, அரசு என ஓடிடிக்கு வகுத்த மூன்றடுக்குக் குறைதீர் முறைக்கு அடித்தளம் உறுதியாக இல்லை. அதை வகுத்த விதியை 2021 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அந்தத் தடை நாடு முழுமைக்கும் பொருந்த வேண்டும் என்று அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது.

2023 நவம்பரில் வெளியான ஒளிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதா வரைவு, சேனலையும் ஓடிடியையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றது. மறு ஆண்டு, திருத்திய வரைவு குறிப்பிட்ட சிலரிடம் மட்டும் தரப்பட்டது. யூடியூபில் தனியாளாக நாட்டு நடப்பு பேசுபவரையும் ஒளிபரப்பாளர் கணக்கில் சேர்க்கிறது என்று எதிர்ப்பு எழ, 2024 ஆகஸ்டில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆபாசமும் பொய்ச் செய்தியும் பெருகும்போது தனியாளுக்கு ஏன் விலக்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குற்றமான உள்ளடக்கத்துக்கு இப்போதே சட்டம் இருக்கிறது. 2024 மார்ச்சில் ஆபாசத்துக்காக 18 ஓடிடி தளங்கள் முடக்கப்பட்டன. அந்த முடக்கும் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தை ஒட்டி 2025 பிப்ரவரியில் விகடனின் இணையதளம் முழுவதும் முடங்கியது. அந்தப் படத்தை நீக்கினால் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மார்ச்சில் இடைக்கால உத்தரவிட்டது. பெயர் பெற்ற பத்திரிகைக்கே இந்த நிலை என்றால், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத ஒருவர் என்ன செய்வார்?

வேறு வழியும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் கடுமையான பொறுப்பைத் தளத்தின் அளவுக்கு ஏற்ப ஏற்றுகிறது. 2018இல் திருத்திய ஒலி-ஒளி ஊடக நெறிமுறை, குழந்தைகளைப் பாதுகாக்கும் கடமையை வீடியோ தளங்களுக்கும் விரித்தது. 2024 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், பதிவை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது, 4.5 கோடிக்கு மேல் பயனர் உள்ள தளங்களுக்குக் கூடுதல் கடமை விதிக்கிறது. அங்கே சுதந்திரமான கண்காணிப்பு அமைப்புகள் இருக்கின்றன, இங்கே எப்படிச் சாத்தியம் என்பார்கள். நம் வரைவில் இருந்த குறையே அதுதான்: விதிமீறல்களைப் பரிசீலிக்கும் ஆலோசனை மன்றத்தின் உறுப்பினர்களை மத்திய அரசே நியமிக்கும் என்றது. அடுத்த வரைவு வரும்போது அது தமிழிலும் வெளியிடப்பட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்கப்படுகிறதா, நியமனம் அரசின் பிடிக்கு வெளியே நடக்கிறதா, முடக்கும் முன் காரணத்தை எழுத்தில் தரச் சொல்கிறதா என்று மூன்றையும் பார்த்து, நம் கருத்தை அமைச்சகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும்.