லொறித் தரிப்பிடத்தில் சூதாட்ட இயந்திரம்: இலாபம் யாருக்கு?

குருக்கள்மடத்தைத் தாண்டிக் கல்முனைப் பக்கம் போகும் லொறிகள் வழியில் எங்காவது நிற்கத்தான் செய்யும். சாரதி தேநீர் குடிப்பார், முகம் கழுவுவார், கொஞ்சம் கண்ணயர்வார். அந்த அரை மணித்தியாலத்தை நம்பித்தான் வீதியோரக் கடைகள் பிழைக்கின்றன. அமெரிக்காவில் இதே அரை மணித்தியாலத்தை வைத்து வேறொரு வியாபாரம் நடக்கிறது. அதன் கணக்கை நமது வியாபாரிகளும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அங்கே தொலைதூர லொறிச் சாரதி 11 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அதன்பின் 10 மணித்தியாலம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பெரிய டீசல் நிலையங்களோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடை, குளியலறை எல்லாம் உண்டு. சில மாநிலங்களில் இவற்றோடு வீடியோ சூதாட்ட இயந்திரமும் உண்டு. கையில் காசு, எதிரில் நீண்ட ஓய்வு, பக்கத்தில் குடும்பம் இல்லை. இயந்திரக்காரருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா?

அரசாங்கம் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. பென்சில்வேனியா மாநிலம் 2017இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, மாதம் சராசரியாக 50,000 கலன் டீசல் விற்கும், 20 லொறிகள் நிறுத்த இடமுள்ள, 3 ஏக்கருக்குக் குறையாத நிலையத்துக்குத்தான் அனுமதி. அதுவும் 5 இயந்திரம் மட்டும். ஆடுபவருக்கு 21 வயதாகியிருக்க வேண்டும். இல்லினோய் மாநிலம் 2009இல் சட்டம் செய்து, 2012இல் இயந்திரங்களை இயக்கியது. ஒவ்வொரு இயந்திரமும் அரசின் மத்திய கணினியோடு இணைக்கப்பட்டிருக்கும். எவ்வளவு காசு விழுந்தது, எவ்வளவு வெளியே போனது என்பது அரசுக்குத் தெரியும். கள்ளக் கணக்கு எழுத வழியில்லை.

இனிப் பங்கு பிரிப்பதைப் பார்ப்போம். இல்லினோயில் ஆடுபவர் தோற்ற பணத்தில் 100க்கு 35 அரசின் வரி. சிறு கட்டணங்களை விட்டுவிட்டால், மீதி 65ஐ இயந்திரச் சொந்தக்காரரும் கடைக்காரரும் பாதிப் பாதியாக எடுக்கிறார்கள். கடைக்காரருக்கு முதலீடு இல்லாமல் 32 ரூபா 50 சதம் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த 100 ரூபா எங்கிருந்து வந்தது?

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். போடும் 100 ரூபாவுக்குச் சராசரியாக 92 ரூபா திருப்பித் தரும் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். “எட்டு ரூபாதானே போகிறது” என்று தோன்றும். ஓர் ஆட்டம் 50 ரூபா, நிமிடத்துக்கு 10 ஆட்டம் என்றால், ஒரு மணித்தியாலத்தில் 30,000 ரூபா அந்த வாய்க்குள் போய்ப் போய் வருகிறது. அதில் எட்டு வீதம் 2,400 ரூபா. வேகம்தான் அந்த இயந்திரத்தின் இலாபம். ஒருவர் வெல்லலாம், ஆனால் மாதக் கடைசியில் இயந்திரம் தோற்பதில்லை.

ஒழுங்குபடுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? லூசியானா மாநிலம் 1991இல் இதை அனுமதித்தது. எரிபொருள் விற்பனை கூடக் கூட, ஒரு லொறித் தரிப்பிடத்தில் 50 இயந்திரம் வரை வைக்கலாம் என்றானது. 1996இல் மக்களிடம் வாக்குக் கேட்டபோது, 64 மாவட்டங்களில் 33 மாவட்டங்கள் “வேண்டாம்” என்றன. அந்த மாவட்டங்களில் 1999 நடுப்பகுதியோடு இயந்திரங்கள் நின்றன. தென் கரோலினா மாநிலம் 30,000க்கு மேற்பட்ட இயந்திரங்கள் ஓடிய பிறகு, 2000 ஜூலை முதல் அனைத்தையும் தடை செய்தது. வைப்பது இலகு, எடுப்பதுதான் வில்லங்கம். வரி எடுத்துப் பழகிய கை அதை விடாது.

நமது நாட்டுக்கு வருவோம். 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம், குதிரைப் பந்தயச் சட்டம், 2010ஆம் ஆண்டின் கசினோ சட்டம் என்று தனித்தனியாக இருந்தவற்றுக்குப் பதிலாக, 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இணையச் சூதாட்டமும் துறைமுக நகரமும் இதற்குள் அடங்கும். அதே ஆண்டில் சூதாட்ட வருமானத்தின் மீதான வரியை 15இலிருந்து 18 வீதமாகவும், கசினோவுக்குள் நுழையும் இலங்கையர் கட்டும் கட்டணத்தை 50 டொலரிலிருந்து 100 டொலராகவும் உயர்த்தினார்கள். நமது ஆட்கள் உள்ளே போகாமல் இருக்கட்டும் என்பதே அந்தக் கட்டணத்தின் நோக்கம். வீதியோர இயந்திரத்துக்கு அப்படி ஒரு வாசலே கிடையாது. அன்றாடம் உழைப்பவர் தேநீர்க் கோப்பையோடு நேரே போய் அதன் முன் உட்காரலாம்.

இது ஹராம் என்பதை நமது வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பேசுவது வியாபாரக் கணக்கு. முப்பது வருடமாக லொறியில் சரக்கு அனுப்புகிறேன். நமது பக்கத்தில் சாரதி வண்டி மட்டும் ஓட்டுவதில்லை, கடை கடையாகப் பணமும் வசூலித்து வருகிறார். அவர் சட்டைப்பையில் இருப்பது முதலாளியின் பணம், இன்னொரு கடைக்காரரின் கடன், அவருடைய பிள்ளைகளின் சாப்பாடு. அதில் ஓட்டை விழுந்தால் அரிசிக்காரர் முதல் சீமெந்துக்காரர் வரை எல்லோருக்கும் அடி. நமது கொடுக்கல் வாங்கல் நம்பிக்கையில் நடப்பது. அதற்குக் காப்புறுதி இல்லை.

ஆகவே யாராவது உங்கள் கடைக்கு வந்து, “சும்மா விளையாட்டு மெசின்தான், மின்சாரம் மட்டும் தாருங்கள், பாதிப் பங்கு தருகிறோம்” என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். காசு போட்டால் காசு வருமா? வெற்றி திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா? சூதாட்டத்துக்கான அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? பிரதேச சபை தந்த வியாபார அனுமதிப்பத்திரம் சூதாட்ட அனுமதி ஆகாது. பொலிஸ் வந்தால் இயந்திரக்காரர் ஊரில் இருக்கமாட்டார், கடைப் பெயர்ப்பலகை மட்டும்தான் அங்கே இருக்கும்.

அந்த மூலையில் ஒரு வாங்கு போடுங்கள், குடிதண்ணீர் வையுங்கள், கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற வசதி கொடுங்கள். களைத்து வந்த சாரதி நாளைக்கும் அங்கேதான் நிற்பார். காசைத் தொலைத்த இடத்தில் மனிதன் நெடுநாள் நிற்பதில்லை.