அறுந்த முழங்கையும் பூவரசங் கதியாலும்

முழங்கையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பேஸ்போல் வீரர்கள் ஒன்றரை வருடம் கழித்துப் புது அணியில் முன்னைவிட வேகமாக எறிகிறார்களாமே, எங்கள் பள்ளிப் பந்துவீச்சாளர்களுக்கும் அதைச் செய்வித்தால் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி பகிடிக்குத்தான் கேட்டிருப்பார். அமெரிக்காவில் இது பகிடி இல்லை. 2012-ல் அங்கே வெளியான ஒரு கணக்கெடுப்பில், உயர்பள்ளி வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், காயமே இல்லாவிட்டாலும் ஆட்டத்தை உயர்த்த இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். பெற்றோரிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் அதே எண்ணம்.

கேள்வியைக் கிளப்பிய செய்தி அநேகமாக பேஸ்போல் வீரர் ஷொஹெய் ஒஹ்தானியுடையது. 2018-ல் முதல் தடவையும் 2023 செப்டெம்பரில் இரண்டாம் தடவையும் அதே முழங்கையில் கத்தி வைக்கப்பட்டது. அதன்பின் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் என்ற புது அணிக்குப் போனவர், அங்கே துடுப்பாட்டத்தை மட்டும் கவனித்துவிட்டு, 2025 ஜூன் 16 அன்று அந்த அணிக்காக முதன்முதலாகப் பந்தெறிந்தார். வேகம் மணிக்கு 160 கிலோமீற்றரைத் தாண்டியது. ‘மீண்டும் பிறந்த கை’ என்ற தோரணையில் எழுத இது போதும். முதற் சத்திரசிகிச்சைக்கு முன்பே, 2018-லும் அவர் அந்த வேகத்தைத் தொட்டிருந்தார் என்பதைச் சேர்த்து எழுதினால் செய்தியின் சுவை கெட்டுவிடும்.

வேகக் கதையை விடுவோம். அறுந்த இடத்தில் வைத்த நாருக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இதில் உண்மையான அதிசயம்.

முதலில், ஏன் அறுகிறது? பேஸ்போல் எறிபவர் முழங்கையை மடக்கிக் கையைப் பின்னே சாய்க்கும் கணத்தில் உடலும் தோளும் முன்னே திரும்பத் தொடங்கிவிடும். முன்னங்கையும் பந்தும் இன்னும் பின்னால் கிடக்கும். இந்த இழுபறி முழங்கையின் உட்பக்கத்தைத் திறக்கப் பார்க்கிறது. மேற்கை எலும்பையும் முன்னங்கை எலும்பையும் அந்தப் பக்கத்தில் பிணைத்து வைத்திருப்பது விரல் அகலம்கூட இல்லாத ஓர் இணைப்பு நார். ஒவ்வொரு வேக எறிதலிலும் மூட்டு சந்திக்கும் திருப்பம் ஏறத்தாழ 64 நியூற்றன் மீற்றர். இறந்தவர்களின் கையில் இந்த நாரை மட்டும் விட்டுச் சோதித்தால் 35-க்கும் குறைவான திருப்பத்திலேயே அறுந்துவிடுகிறது. கணக்குப்படி பார்த்தால் முதற் பந்திலேயே அறவேண்டும். அறாமல் இருப்பதற்குக் காரணம், சுமையின் ஒரு பங்கை எலும்பின் பொருத்தமும் மணிக்கட்டை மடக்கும் தசைகளும் ஏற்றுக்கொள்வதுதான். தசை களைத்தால் அந்தப் பங்கும் நாரின் தலையில் விழும். அளவுக்கு மீறி எறிவிக்கப்பட்ட சிறுவர்களுக்கே இந்தக் காயம் அதிகம் வருவதன் இரகசியம் அவ்வளவுதான்.

அறுந்த நாரை வெறுமனே தைத்து ஒட்டுவது பல காயங்களில் நிலைப்பதில்லை. எனவே வேறோர் இடத்திலிருந்து ஒரு நாணைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எங்கிருந்து என்பதை இப்போதே பார்த்துவிடலாம். உள்ளங்கையை மேலே திருப்பி, பெருவிரல் நுனியைச் சின்னவிரல் நுனியோடு சேர்த்து, மணிக்கட்டைச் சற்றே உள்ளே மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் தோலைத் தூக்கிக்கொண்டு ஒரு நாண் எழுந்து நிற்கும். அதுதான். எழும்பவில்லையா? பயப்பட வேண்டாம். பலருக்கு ஒரு கையிலோ இரண்டிலுமோ அந்த நாணும் அதன் தசையும் பிறப்பிலேயே இல்லை. இல்லாதவர்கள் பிடியில் பெரிய குறை எதையும் உணர்வதில்லை. எடுத்தாலும் குறையாத பொருள் என்பதால்தான் சத்திரசிகிச்சையாளரின் கண் அதில் விழுந்தது. அது இல்லாதவர்களுக்குத் தொடையின் உட்பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுப்பார்கள்.

முழங்கையின் இரு எலும்புகளிலும் துளையிட்டு, எடுத்த நாணை அவற்றினூடாகக் கோத்து இறுக்குவார்கள். முதல் முறையில் அது எட்டு வடிவில் கோக்கப்பட்டது. இது தச்சுவேலை. பத்திரிகைகள் இதோடு நின்றுவிடும். உண்மையான வேலை அதன் பிறகே தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பூவரசிலோ கிளுவையிலோ ஒரு தடியை வெட்டி, குழி கிண்டி, மாரிக்கு முன் நடுகிறோம். அது கதியால். நட்ட சில கிழமைகளில் கணுவில் துளிர் வரும். ‘பிடித்துவிட்டது’ என்று மகிழ்ந்து அன்றே கிடுகை வரிந்து கட்டினால் அடுத்த காற்றில் வேலி சரியும். அந்தத் துளிர் தடிக்குள் இருந்த சேமிப்பில் வந்தது. கீழே வேர் இன்னும் ஓடவில்லை. முழங்கையிலும் இதே ஏமாற்று நடக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் வலி போய்விடும், கை நீளும், மடங்கும். வீரர் எறியத் துடிப்பார். ஆனால் புதிய நாணின் நிலை மிக மோசமாக இருப்பது ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.

ஏனென்றால் வெட்டி எடுத்த கணத்திலேயே நாணின் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அதிலிருந்த கலங்களில் பெரும்பாலானவை முதல் வாரங்களில் இறந்துபோகின்றன. மிஞ்சுவது கொலாஜன் இழைகளாலான வெறும் சட்டகம். பிறகு சுற்றியுள்ள இழையத்திலிருந்து புதிய கலங்கள் உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னே நுண்ணிய இரத்தக் குழாய்கள். குடிவந்த கலங்கள் பழைய இழைகளைத் தின்று அகற்றிக்கொண்டே புதியவற்றைப் பின்னுகின்றன. அகற்றும் வேகம் பின்னும் வேகத்தை முந்தும்போது நாண் தளர்ந்து பலவீனமாகிறது. துளைகளின் சுவரில் எலும்பு நாணைப் பற்றிக்கொள்வதும் இதே மாதங்களில்தான். முழங்காலில் வைத்த நாண்களிலும் விலங்குகளிலும் நடந்த ஆய்வுகளிலிருந்துதான் இந்த வரிசையின் பெரும்பகுதியைப் படித்திருக்கிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும் வீரரின் முழங்கையைக் கிழித்துத் துண்டு எடுத்துப் பார்க்க எந்த அணியும் விடாது.

இங்கே கதியாலும் கொஞ்சம் தடுமாறுகிறது. பூவரசங் கதியால் தன் உயிராலேயே வேர் விடும். வைத்த நாணுக்கோ தன் உயிர் இல்லை. வந்த குடிகள்தான் அதை உயிர்ப்பிக்கின்றன. இன்னொன்று, பூவரசை நட்டால் பூவரசுதான் வளரும். முழங்கையில் பூவரசை நட்டு, அது கிளுவையாக மாறக் காத்திருக்கிறோம். தசையை எலும்போடு கட்டும் நாணுக்கும் எலும்பை எலும்போடு கட்டும் நாருக்கும் இழைகளின் அமைப்பு வேறு, கலங்களின் அடர்த்தி வேறு. ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்போது, நாணாக நட்டது இணைப்பு நாரின் சாயலுக்கு வந்துவிடுகிறது. முற்றாக அதுவாகிவிடுவதில்லை.

அந்த மாற்றத்துக்கு யார் உத்தரவு போடுகிறார்கள்? இழுவைதான். நாருக்குள் இருக்கும் கலங்கள் இழுபடுவதை உணர்கின்றன. எந்தத் திசையில் இழுவை வருகிறதோ அந்தத் திசையில் இழைகளை அடுக்குகின்றன. இழுவையே இல்லாவிட்டால் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். அளவுக்கு மீறினால் நாண் நீண்டு தொய்யும். கதியாலுக்கும் இதே நியாயம்தான்: ஆடு வந்து உரசினால் வேர் அறும், காற்றே படாமல் பொத்தி வளர்த்தால் தண்டு தேறாது. நான்கு மாதமளவில் சில மீற்றர் தூரத்துக்கு மெல்ல எறிவதில் தொடங்கி, தூரத்தையும் வேகத்தையும் வாரக்கணக்கில் கூட்டும் சலிப்பூட்டும் அட்டவணை எல்லாம் இந்தக் கலங்களுக்கு எழுதும் கடிதங்கள். பக்கத்து வளவோடு எல்லைத் தகராறும் உண்டு. சின்னவிரலுக்கு ஓடும் நரம்பு சரியாக இந்த இடத்துக்குப் பின்னால்தான் போகிறது. முழங்கை மேசையில் இடித்தால் மின்சாரம் அடித்ததுபோல் சுரீரென்பது அதுதான். அதைத் தொட்டால் விரல்கள் மரத்துப்போகும்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பந்தி. ஈட்டி எறிபவர்களிடம் இந்த நார்க் காயம் இருப்பதை 1946-லேயே எழுதிவிட்டார்கள். டொட்ஜர்ஸ் அணியின் டொமி ஜோன் 1974 ஜூலையில் நாரை அறுத்துக்கொண்டார். போலியோவால் முடங்கிய கைகளில் நாண்களை இடம் மாற்றும் முறையை அறிந்திருந்த வைத்தியர் பிராங்க் ஜோப், அதே ஆண்டு செப்டெம்பர் 25 அன்று அவருக்கு நாண் வைத்தார். திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்றே கணித்தார். சின்னவிரலுக்கு ஓடும் அந்த நரம்புக்காக இன்னொரு தடவையும் கையைத் திறக்க வேண்டியிருந்தது. 1976-ல் திரும்பிய ஜோன் 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பின் வந்தவை. சத்திரசிகிச்சைக்கு வைத்தியரின் பெயரை விட்டு நோயாளியின் பெயரை வைத்துவிட்டார்கள்.

இனி எண்கள். 2010-ல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, தொடர்புகொண்ட 743 பேரில் 83% பேர் முன்னைய நிலைக்கோ அதற்கு மேலோ திரும்பினார்கள் என்றது. போட்டிக்குத் திரும்பச் சராசரியாக 11.6 மாதம் பிடித்தது. மிக நல்ல எண். ஆனால் தொடர்புகொள்ள வேண்டியிருந்தவர்கள் 942 பேர். அகப்படாத அந்த இருநூறு பேரில் எத்தனை பேர் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்களோ? தவிர, ‘திரும்பினார்’ என்றால் ஒரு போட்டியா, ஒரு பருவமா, பத்து வருடமா?

திரும்பாதவர்களுக்குத் தலைப்பில்லை என்பதற்கு உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங் உதாரணம். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர் 2008-ல் இந்தியாவில் நடந்த பந்தெறிதல் போட்டி ஒன்றில் வென்று, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகத்தோடு ஒப்பந்தமானார். அதன் கீழ்நிலை அணிகளில் 2009 முதல் 2012 வரை எறிந்தார். கதை 2014-ல் ஹொலிவூட் படமாகவும் வந்தது. படம் திரையில் ஓடியபோது அவர் களத்தில் இல்லை. 2013-ல் முழங்கையில் இதே சத்திரசிகிச்சை. அதற்குப் பின் கீழ்நிலை அணியில்கூட அவர் மீண்டும் எறியவில்லை. 2018-ல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். கத்தியின் குற்றம் என்று சொல்ல வரவில்லை. திரும்பியவர்களை மட்டும் எண்ணினால் எந்த வைத்தியமும் அற்புதமாகத்தான் தெரியும்.

வேகம் கூடுவதாகச் சொல்கிறார்களே? நாருக்குத் தசையைப் போலச் சுருங்கத் தெரியாது. அது பந்துக்கு வேகம் கொடுப்பதில்லை, மூட்டைப் பிரியவிடாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவே. சிலருக்குக் கூடுவதுபோல் தோன்றுவதற்கு எளிய காரணங்கள் உண்டு. நார் முற்றாக அறுவதற்கு முன் பல மாதங்கள் வலியோடு மெதுவாக எறிந்திருப்பார்கள். ஒப்பிடுவது அந்த மெதுவான நாட்களோடு. பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வேறு வேலையின்றித் தோளையும் காலையும் இடுப்பையும் பலப்படுத்துகிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளையென்றால் அதற்குள் ஆளே வளர்ந்துவிடும்.

எங்கள் பந்துவீச்சாளர்களுக்கு இந்தக் காயம் ஏன் அரிது என்பதற்கு விடை கிரிக்கெட் சட்டத்தில் இருக்கிறது. முழங்கையை 90 பாகை மடக்கி வைத்துக்கொண்டு மேற்கையை அச்சில் திருப்பிப் பாருங்கள், உள்ளங்கை பெரிய வில்லாக வீசும். கையை நேராக நீட்டி அதே திருப்பத்தைக் கொடுங்கள், உள்ளங்கை நின்ற இடத்திலேயே திரும்பும். நீட்டிய கையில் முழங்கையைப் பக்கவாட்டில் பிளக்க நெம்புகோல் இல்லை. முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்ற விதி, எதிரணித் துடுப்பாட்டக்காரரை நினைத்து எழுதப்பட்டாலும், காப்பாற்றுவது பந்துவீசுபவரின் நாரைத்தான். ஆனால் சுமை மாயமாவதில்லை, இடம் மாறுகிறது. வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் அறையும் விசை உடல் எடையின் ஐந்து மடங்கைத் தாண்டும். அது இடுப்பு முள்ளந்தண்டில் போய் வெடிப்பு விழுத்துகிறது. அவுஸ்திரேலியாவின் பற் கம்மின்ஸ் 2011-ல் முதல் டெஸ்ட் ஆடிவிட்டு அடுத்ததற்கு 2017 வரை காத்திருந்தது பெரும்பாலும் முதுகுக்காக. யாழ் மத்திய கல்லூரியில் ஆடி, 2020-ல் ஜஃப்னா ஸ்டாலியன்ஸிலும் 2024-ல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்திலும் இடம்பிடித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் மணிக்கட்டால் சுழற்றும் லெக் ஸ்பின்னர் என்பதால், இந்த இரண்டு சுமையுமே அவர் பக்கம் அதிகம் போகாது.

ஆனால் களத்தடுப்பு வேறு கதை. எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளரை நோக்கி எறியும்போது முழங்கை மடங்கும். அந்த ஒரு கணத்தில் எங்கள் பெடியளும் பேஸ்போல்காரர்தான். ‘வடக்கின் பெரும் போர்’ என்ற கிரிக்கெட் போட்டிக்கு முன் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் செய்யும் களத்தடுப்புப் பயிற்சியில், உட்பக்க முழங்கை நோகிறது என்று ஒரு பையன் சொன்னால், ‘சூடு பிடித்தால் போய்விடும்’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. எறிவதை நிறுத்தி வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். எத்தனை எறிதல்கள் என்று ஒருவர் கொப்பியில் குறித்து வைத்தாலே பல காயங்களைத் தவிர்க்கலாம்.

ஆக, வாசகருக்கு விடை: செய்விக்க வேண்டாம். அந்தச் சத்திரசிகிச்சை அறுந்ததைப் பழைய நிலைக்கு இழுத்துக்கொண்டு வரப் பார்க்கிறது, அதுவும் எல்லாருக்கும் கைகூடுவதில்லை. வேகம்தான் வேண்டுமென்றால், அதற்குப் பின் செய்யும் ஒரு வருடப் பயிற்சியை நல்ல கையோடேயே செய்யலாம். செலவும் குறைவு, தழும்பும் இல்லை. பத்திரிகையில் பெயர் வராது என்பது மட்டும்தான் நட்டம்.