சிறையின்றி நீதி சாத்தியமா?

சிறைச்சாலை மனித சமூகத்தோடு உடன்பிறந்த நிறுவனம் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். குற்றம் என்றால் போலீஸ், தண்டனை என்றால் சிறை என்னும் சமன்பாடு அத்துணை ஆழமாக நம் மனங்களில் பதிந்துவிட்டது. ஆனால் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. விசாரணைக்காகவோ கடனுக்காகவோ மனிதரை அடைத்துவைக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது; ஆயினும் குற்றத்திற்குரிய இயல்பான தண்டனையாகவே சிறைவாசம் கருதப்படலானது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். சீருடையணிந்த நவீன போலீஸ் படையோ அதைவிடவும் இளையது. லண்டன் மாநகரப் போலீஸ் 1829இல்தான் தோற்றுவிக்கப்பட்டது.

தோற்றம் உடைய நிறுவனத்திற்கு முடிவும் இருக்கலாம் அல்லவா? இவ்வினாவை எழுப்பும் 'சிறை ஒழிப்பு' வாதம் கடந்த ஐம்பது ஆண்டுகளாக மேலை நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், வலுப்பெற்று வந்துள்ளது. அவ்வாதத்தின் உள்ளடக்கத்தையும், இஸ்லாமியச் சட்ட மரபின் ஒளியில் அதற்குரிய பெறுமதியையும் இங்கு நோக்குவோம்.

பச்சாத்தாபக் கூடம்

அமெரிக்கச் சிறையின் வரலாறு ஒரு நல்லெண்ணத்தில் தொடங்கியது என்பது விந்தையான உண்மை. கசையடியையும் தூக்குமேடையையும் வெறுத்த பிலடெல்பியாவின் குவேக்கர் கிறித்தவர்கள், குற்றவாளி தனிமையில் அமர்ந்து இறைவனை எண்ணி மனம் வருந்தினால் திருந்திவிடுவான் என நம்பினர். 1790இல் அந்நகரின் வால்நட் தெருச் சிறையில் தனிமைக் கொட்டடிகள் எழுந்தன. 1829இல் அதே நகரில் திறக்கப்பட்ட கிழக்கு மாநிலச் சிறை, தனிமையையே முழு விதியாக்கியது. ஆங்கிலத்தில் அத்தகைய சிறைக்கு வழங்கும் பெயரே 'பச்சாத்தாபம்' என்னும் சொல்லினின்றும் பிறந்ததுதான். ஆயினும் தவ்பா என்பது கல்சுவர் பெற்றுத் தருவதன்று. 1842இல் அச்சிறையைக் கண்ட நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், அத்தனிமையை உடல் வதையினும் கொடிதெனக் கண்டித்து எழுதினார்.

தென் மாநிலங்களின் கதை வேறு. தப்பியோடும் அடிமைகளைப் பிடிக்கும் ரோந்துப் படைகள் அங்கு பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இயங்கின. 1865இல் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம், 'குற்றத்திற்கான தண்டனையாக' அடிமை ஊழியத்தை அனுமதிக்கும் விதிவிலக்கையும் தன்னுள் கொண்டிருந்தது. விளைவாக, வேலையின்றித் திரிந்தான் என்பது போன்ற அற்பக் குற்றங்களுக்காகச் சிறைப்பட்ட கறுப்பின மக்கள், சுரங்கங்களுக்கும் பருத்தித் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்டனர்.

இப்பின்னணியில்தான் ஏஞ்சலா டேவிஸ், ரூத் வில்சன் கில்மோர் போன்ற அறிஞர்கள் தமது இயக்கத்திற்கு அடிமை ஒழிப்பைக் குறித்த அதே சொல்லைத் தெரிந்தெடுத்தனர். விலங்கை உடைத்தால் மட்டும் போதாது. நிலமும் கல்வியும் வாக்குரிமையும் தரும் நிறுவனங்களை எழுப்பினாலன்றி விடுதலை நிறைவுறாது என்று 1935இல் டு பாய்ஸ் வாதிட்டார். ஒழிப்பு என்பது இடிப்பு அன்று, கட்டுமானம் என்னும் இவர்களது கொள்கைக்கு அதுவே அடித்தளம்.

முஸ்லிம்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. மால்கம் எக்ஸ் தம் வாழ்வின் திருப்புமுனையைக் கண்டது 1946 முதல் 1952 வரையிலான சிறைவாசத்தில்தான். கைதிகள் தம் மத உரிமைக்காக நீதிமன்றம் செல்லலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளிக்க வழிகோலியவரும் ஒரு முஸ்லிம் கைதியே. 2001க்குப் பின் நியூயார்க் போலீஸின் ஒரு பிரிவு பள்ளிவாசல்களையும் உணவகங்களையும் ரகசியமாக வேவு பார்த்தது. அத்தகவல்களிலிருந்து ஒரு பயங்கரவாத விசாரணைகூடப் பிறக்கவில்லை என 2012இல் உயர் அதிகாரி ஒருவரே சாட்சியமளித்தார். 2014இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் குர்ஆனின் கட்டளையை (49:12) இங்கு நினைவுகூர்வது பொருந்தும்.

சச்சரவு எவருடைய உடைமை?

நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். இருவருக்கிடையே எழும் சச்சரவு அவ்விருவரின் உடைமை. நவீன அரசு அதனை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது. பாதிக்கப்பட்டவர் வழக்கில் வெறும் சாட்சியாகச் சுருங்குகிறார். இழந்த பொருள் அவருக்கு மீள்வதில்லை. 'ஏன் இப்படிச் செய்தாய்?' எனக் கேட்கும் வாய்ப்பும் கிட்டுவதில்லை.

ஃபிக்ஹ் நூல்களோடு பழகியோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அல்லாஹ்வின் உரிமை, அடியானின் உரிமை என நம் சட்ட அறிஞர்கள் வகுத்த பாகுபாடு இதனையே தொடுகிறது. கொலைக் குற்றத்தில்கூட, கொலையுண்டவரின் வாரிசுகளுக்கே பழிவாங்கவும் ஈட்டுத்தொகை பெறவும் மன்னிக்கவும் உரிமையுண்டு. மன்னிப்பவரைக் கொலையாளியின் சகோதரர் என்றே குர்ஆன் சுட்டுகிறது (2:178). தீமைக்கு அதே அளவு பதிலடி உண்டு என்று கூறும் வசனமே, மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் உள்ளது என்றும் கூறுகிறது (42:40).

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் தனிச் சிறைக்கட்டடம் இருக்கவில்லை. பிடித்துவரப்பட்ட துமாமா (ரலி) பள்ளிவாசலின் தூணில் கட்டப்பட்டிருந்தார். சமூகத்தின் தொழுகையையும் உரையாடலையும் கண்ணெதிரே கண்ட அவர், மூன்றாம் நாள் விடுவிக்கப்பட்டதும் தாமாகவே இஸ்லாத்தை ஏற்றார். சிறைக்கென மக்காவில் ஒரு வீடு நான்காயிரம் திர்ஹமுக்கு விலைபேசப்பட்டது உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில்தான்.

அதே உமர் (ரலி) அவர்களின் மற்றொரு தீர்ப்பு இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. ஹாத்திபின் பணியாளர்களான அடிமைகள் ஒருவரது ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். எசமானர் அவர்களைப் பட்டினி போட்டதை உணர்ந்த கலீஃபா, தண்டனையை நிறுத்தி, நானூறு திர்ஹம் பெறுமதியுள்ள ஒட்டகத்திற்கு எண்ணூறு திர்ஹம் கொடுக்குமாறு எசமானருக்கே ஆணையிட்டார். குற்றத்தின் வேர் எங்குள்ளது என வினவும் நீதி இது.

பிற்காலத்தில் சிறைகள் பெருகின. ஹாரூன் அர்ரஷீதுக்கு எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் இமாம் அபூயூசுஃப், கைதிகள் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்கும் அவலத்தைக் கண்டித்தார். அவர்களுக்கு மாதம் பத்து திர்ஹமும் பருவத்திற்கேற்ற உடையும் வழங்க வேண்டும் என்றார். அவர் மேலும் குறித்த செய்தி கவனத்திற்குரியது: சிறையில் ஆட்கள் பெருகக் காரணம், அவர்களது வழக்குகள் கவனிக்கப்படாமையே.

நடைமுறையில் மாற்று வழிகள்

ஒழிப்புவாதிகளின் பேச்சு வெறும் கனவு அன்று என்பதற்குச் சில முயற்சிகள் சான்று. நியூசிலாந்து 1989இல் இயற்றிய சட்டம், இளங்குற்றவாளிகளின் வழக்குகளில் குடும்பக் கூட்டத்தை மையமாக்கியது. குற்றமிழைத்த சிறுவன், அவன் உறவினர், பாதிக்கப்பட்டவர் ஆகியோர் ஒன்றமர்ந்து பரிகாரத்தை முடிவு செய்வர். மவோரி மக்களின் மரபு இதற்கு ஊற்று.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து யூஜின் நகரில் 1989 முதல், மனநலப் பாதிப்பும் போதையும் சார்ந்த அவசர அழைப்புகளுக்கு ஆயுதமற்ற மருத்துவப் பணியாளரும் ஆலோசகரும் ஒரு வண்டியில் சென்றனர். போலீஸ் துப்பாக்கியோடு செல்லவேண்டாத இடங்கள் எத்தனையோ உண்டு என அம்முயற்சி உணர்த்தியது. ஆயினும் நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் அந்நகரில் அச்சேவை நின்றுபோனது. கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரம், துப்பாக்கி ஏந்தக்கூடிய இளைஞர்களைத் தேடிச்சென்று வழிகாட்டவும் உதவித்தொகை தரவும் 2007இல் ஓர் அலுவலகத்தை நிறுவியது. அவ்வாண்டு 47 ஆக இருந்த கொலைகள் 2014இல் 11 ஆகக் குறைந்தன. அலுவலகத்தின் பணியும் அதற்கொரு காரணம் எனப் பலர் கருதுகின்றனர்.

சிகாகோவில் முஸ்லிம்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1997இல் ராமி நஷாஷிபி உள்ளிட்டோர் நிறுவிய 'இமான்' அமைப்பு, சிறையிலிருந்து மீண்டோருக்குத் தங்குமிடமும் கட்டடத் தொழிற்பயிற்சியும் அளிக்கிறது. பழிக்குப் பழி வாங்கத் துடிக்கும் இளைஞர்களின் நடுவே நின்று சமாதானம் பேசிய அமீனா மேத்யூஸ் என்னும் முஸ்லிம் பெண்மணியின் பணி, 2011இல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

உடன்பாடும் விலகலும்

எனினும் இவ்வாதத்தை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பின், மின்னியாபோலிஸ் நகரமன்றத்தின் பெரும்பான்மையினர் போலீஸ் துறையைக் கலைப்பதாக உறுதியளித்தனர். ஆனால் 2021 நவம்பரில் அத்துறைக்குப் பதிலாக வேறொரு துறை அமைக்கும் தீர்மானத்தை வாக்காளர்களே நிராகரித்தனர். வன்முறையால் மிகுதியும் பாதிக்கப்படும் ஏழை மக்களுக்குப் பாதுகாப்பும் ஓர் உரிமைதான். வலுவான மாற்று கண்ணெதிரே எழாதவரை, இருப்பதைக் கைவிட அவர்கள் அஞ்சுவது இயல்பு. ஷரீஆவும் தண்டனையை முற்றாக ஒழிக்கவில்லை; கிஸாஸில் வாழ்வு உண்டு என்றே குர்ஆன் கூறுகிறது (2:179).

சமூகம் என்னும் சொல்லும் மாசற்றதன்று. போலீஸின் இடத்தில் அமரும் சமூகமே கொடிய போலீஸாகிவிடக் கூடும். நன்மையை ஏவும் பெயரால் ஈரானில் ஒழுக்கக் காவல் படையின் பிடியிலிருந்த மஹ்சா அமீனி 2022 செப்டம்பரில் இறந்ததை நாம் மறத்தலாகாது. நம் ஜமாஅத் பஞ்சாயத்துகளிலும், பெண்ணின் குரல் கேளாது ஆண்கள் மட்டுமே அமர்ந்து 'சமரசம்' எழுதும் வழக்கம் உண்டு. ஹலாலை ஹராமாக்கும் அல்லது ஹராமை ஹலாலாக்கும் ஸுல்ஹ் செல்லாது என்பது நபிமொழி வழிவந்த விதி. அநீதியை மூடிமறைக்கும் இணக்கத்திற்கு ஸுல்ஹ் என்னும் பெயர் தகாது.

நம் முன்னுள்ள பணி

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர். இவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிம். 2011 மக்கள் தொகைக் கணக்கிலோ முஸ்லிம்கள் ஏழில் ஒருவரே. கோவை வழக்கில் 1998இல் கைதான அப்துல் நாசர் மதனி, குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. அபூயூசுஃப் சொன்ன குறை இன்றும் தீரவில்லை.

சிறையை ஒரே நாளில் ஒழிக்க இயலாது. ஆனால் அதனைச் சுருக்க இயலும். பிணை கிடைத்தும் பிணைத்தொகை கட்ட வழியின்றி அடைபட்டிருக்கும் ஏழைகளை, எம்மதத்தவராயினும், பைத்துல்மால் மீட்கலாம். இதற்கு ஸகாத் நிதியைப் பயன்படுத்துவது குறித்து உலமாக்கள் ஆராயட்டும். ஸதக்காவுக்கு ஒரு தடையும் இல்லை. முதன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையின் மூன்றிலொரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் கூறுகிறது. ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்கள் முதலிய சில விலக்குகள் அதற்கு உண்டு. இதனைக் கைதிகளின் குடும்பத்தாருக்கு எடுத்துரைக்க ஒவ்வோர் ஊரிலும் ஒரு வழக்கறிஞர் போதும். தரப்பினர் தாமே சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலும் நம் நாட்டுச் சட்டத்தில் உண்டு. பெண்களும் சட்டம் அறிந்தோரும் அமரும் சமரச அவைகளை நம் ஜமாஅத்துகள் அவ்வெல்லைக்குள் அமைக்கலாம்.

ஒரு சமூகத்தில் நீதி எவ்வளவு உண்டு என்பதை அதன் சிறைகளின் கொள்ளளவைக் கொண்டு அளப்பதற்கில்லை. கைதியின் வழக்கை யார் கவனிக்கிறார், அவன் மீண்டு வரும்போது யார் கதவைத் திறக்கிறார் என்பவையே அதற்குரிய அளவுகோல்கள்.