மண்ணுக்குள் மறைந்த மாளிகை

ஒரு வீட்டை இடிக்கலாம்; அது நின்ற இடத்தை ஏர்பூட்டி உழலாம். ஆனால் அதன் வரலாற்றை அடியோடு அழித்துவிட முடியுமா? இவ்வினாவிற்கு அகழாய்வு தந்த விடையே பாஞ்சாலங்குறிச்சி.

தூத்துக்குடி மாவட்டம் ஒட்டப்பிடாரத்தை அடுத்த இவ்வூரில், கட்டபொம்மனின் மாளிகை ஒரு மண்கோட்டைக்குள் இருந்தது. கோட்டை ஏறக்குறைய 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டதென, அதனைத் தாக்கிய படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியுள்ளார். மண்தானே என்று இகழ்தல் தகாது. கற்சுவர் பீரங்கிக் குண்டு பட்டால் உடைந்து சரியும். தடித்த மண்சுவரோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். இடிந்தாலும் விரைவில் எழுப்பிவிடலாம்.

1799 செப்டம்பர் 5இல் பானர்மேனின் படை கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், கோட்டையும் இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய தம்பி ஊமைத்துரை, சில நாள்களிலேயே அதனை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31இல் நடந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டது. மே 24இல் கோட்டை வீழ்ந்தது. இம்முறை கும்பினியார் அதனைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தனர். ஊர்ப் பெயரையும் பதிவேடுகளிலிருந்து நீக்கினர்.

1968–69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தது. மாளிகையின் செங்கல் அடித்தளங்கள் வெளிப்பட்டன! வியப்பொன்றுமில்லை. ஏர்முனை சாண் ஆழமே செல்லும். அடித்தளமோ அதற்கும் கீழே இருப்பது. மேற்கட்டடம் போனாலும், அடித்தள வரிசைகளைத் தொடர்ந்து சென்றால் சுவர் சென்ற திசையும் அறையின் அளவும் புலனாகும். ஏடு மறைத்ததை மண் காத்தது.

1974இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை அருகில் கம்பீரமாக நிற்கிறது. நான் சென்றபோது, வந்தவர்களில் பெரும்பாலோர் அதனையே பழைய கோட்டையென எண்ணித் திரும்பினர். உண்மையான சான்றோ, தரையோடு தரையாய்க் கிடக்கும் அந்தச் செங்கல் வரிசைகளே.

நண்பர்களே, நம் ஊர் மேடுகளிலும் இத்தகைய சான்றுகள் உறங்கக்கூடும். நினைவுப் பொருளாக ஒரு செங்கல்லைப் பெயர்த்தெடுத்தாலும், அது கிடந்த அடுக்கையும் இடத்தையும் இழந்து வெறும் கல்லாகிவிடும். கண்டால் எடுக்காதீர், தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பீர். ஏர் அழிக்காததை நம் கை அழித்தல் வேண்டா.