ஒரே தீனி போட்டால் வண்ணமீன் வெளுக்கும்!

"சார், 6 சிமெண்ட் தொட்டி கட்டி குப்பி, மோலி, பிளாட்டி விட்டிருக்கிறேன். மாட்டுக்கு வாங்கும் தவிடும் புண்ணாக்கும்தான் தீனி. குட்டி போடுகிறது, ஆனால், பாதிக்கு மேல் செத்துவிடுகிறது. வாங்க வரும் வியாபாரி 'நிறமே இல்லையே' என்று திரும்பிப் போகிறார். மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். என்ன செய்வது?"

கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு சகோதரி எழுதிய கடிதம் இது. நான்கு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் நேரில் போய்ப் பார்த்தேன். தண்ணீரில் குறையில்லை. தொட்டி சுத்தம். குறை தீனியில்தான் இருந்தது.

"வயிறு நிறையத்தானே சார் போடுறேன்?" என்றார்.

"நிறையுதும்மா. மூணு வேளையும் வெறும் கஞ்சி குடிச்சா நமக்கும்தான் வயிறு நிறையும். தெம்பு வருமா?" என்றேன்.

வாயைப் பார்த்துத் தீனி

பல இன மீன்களை ஒரே தொட்டியில் விடும்போது முதலில் வாயைக் கவனியுங்கள். குப்பி, பிளாட்டிக்கு வாய் மேல்நோக்கி இருக்கும். மிதக்கும் தீனியைப் பிடிக்கும். டெட்ரா, ஏஞ்சல் நடுத் தண்ணீரில் மெல்ல இறங்கும் தீனியைத் தின்னும். சக்கர் மீனுக்கு அடியில் மூழ்கும் தீனி வேண்டும். அது இரவில் மேய்வதால், விளக்கை அணைத்த பிறகு போடுவது நல்லது. மிதக்கும் தீனியை மட்டும் போட்டால், மேலே இருப்பது கொழுக்கும். கீழே இருப்பது மெலியும்.

உணவுப் பழக்கமும் வேறு வேறு. மோலி, பாசியும் இலையும் விரும்பும். ஏஞ்சல், பைட்டர் இரண்டுக்கும் புழு, பூச்சி வேண்டும். ஏஞ்சல் வளர்ந்துவிட்டால் குப்பிக் குட்டிகளையும் விழுங்கும். எனவே, குட்டிகளைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்கான கரோட்டினாய்டு சத்தை மீனால் உடம்பில் உண்டாக்க முடியாது. தீனியில்தான் வர வேண்டும். சுருள்பாசித் தூள், கேரட், செண்டுமல்லி இதழ்த் தூள் ஆகியவற்றில் இது உண்டு. மருந்து தெளிக்காத பூவாக இருக்கட்டும். வெந்நீரில் வதக்கிய கீரையும் அசோலாவும் மோலிக்கு நல்லது.

உயிர்த்தீனி

பிறந்த குட்டிக்கு நகரும் இரை இருந்தால் வேகமாகத் தேறும். தண்ணீர்ப்பூச்சி எனப்படும் மொய்னாவை வீட்டிலேயே வளர்க்கலாம். ஒரு தொட்டித் தண்ணீரில் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் சாணமும் கரைத்து வெயிலில் வைத்தால், சில நாளில் பச்சை பிடிக்கும். அதில் தாய் மொய்னாவை விட்டால் ஒரு வாரத்தில் பெருகும். தொட்டியைக் கொசுவலையால் மூடுங்கள். கொசுப்புழு மீனுக்கு நல்ல இரைதான். அதற்காகத் தண்ணீரைத் திறந்து போட்டு டெங்குவை வரவழைக்காதீர்கள்.

அர்டீமியா முட்டையை லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் போட்டு, விடாமல் காற்று கொடுத்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். சல்லடைத் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். முட்டை ஓடு கலக்கக் கூடாது.

சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவை அப்படியே போடாதீர்கள். நோய்க் கிருமியும் கூடவே வரும். ஓடும் தண்ணீரில் சில நாள் அலசி வைத்த பிறகே கொடுக்க வேண்டும்.

வீட்டிலேயே 1 கிலோ தீனி

* உப்பில்லாத கருவாட்டுத் தூள் - 350 கிராம்
* கடலைப் புண்ணாக்கு - 300 கிராம்
* அரிசித் தவிடு - 200 கிராம்
* மரவள்ளி மாவு - 100 கிராம்
* சுருள்பாசித் தூள் அல்லது முருங்கை இலைத் தூள் - 30 கிராம்
* வைட்டமின், தாது உப்புக் கலவை - 20 கிராம்

இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம் கிடைக்கும். முதல் நான்கையும் சலித்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, இட்லிப் பானையில் 20 நிமிடம் வேகவையுங்கள். ஆறிய பிறகுதான் இலைத் தூளையும் வைட்டமின் கலவையையும் சேர்க்க வேண்டும். சூட்டில் வைட்டமின் சி அழிந்துவிடும். இடியாப்ப அச்சில் பிழிந்து, நிழலில் நன்றாக உலர்த்தி, மீனின் வாய்க்கு ஏற்ப நொறுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பூசணம் பிடித்த புண்ணாக்கைத் தொடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும்.

எவ்வளவு போடலாம்?

காலை, மாலை இரண்டு வேளை. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். குட்டிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை. பெரிய மீன்களுக்கு வாரத்தில் ஒருநாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது. பட்டினியைவிட மிச்சத் தீனியே அதிக மீனைக் கொல்லும். அது அழுகி அம்மோனியாவாக மாறும். என் வீட்டுத் தொட்டியில் ஒருநாள் பாசத்தில் ஒரு கைப்பிடி தீனி போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை தண்ணீர் கலங்கி, மீன்கள் எல்லாம் மிதந்தன. ஊருக்குப் புத்தி சொல்லும் நான், வீட்டில் சொல்ல மறந்திருந்தேன்!

சகோதரி என்ன செய்தார்?

தவிட்டையும் புண்ணாக்கையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவற்றோடு மற்றதைச் சேர்க்கச் சொன்னேன். ஒரு தொட்டியை மொய்னாவுக்கு ஒதுக்கினார். மூன்று மாதம் கழித்து போன் வந்தது. "குட்டிங்க நிக்குது சார். மோலியை வியாபாரி எடுத்துக்கிட்டார். முதுகு வளைஞ்ச குப்பி மட்டும் அப்படியேதான் இருக்கு" என்றார்.

வளைந்த முதுகு நிமிராது. வைட்டமின் சி குறைந்தாலும், கூடப்பிறந்த மீன்களையே திரும்பத் திரும்ப இணைசேர்த்தாலும் அப்படி வரும். அவற்றைத் தாய் மீனாக வைக்காமல் ஒதுக்கிவிட்டு, வேறு பண்ணையில் இருந்து ஆண் குப்பி வாங்கி விடச் சொல்லியிருக்கிறேன். அந்த மாதத் தவணையை மோலி கட்டிவிட்டதாம். அடுத்தது குப்பியின் முறை.