எதிர் நாற்காலி - 14: “என்ன மேடம் சொன்னா?”

நம் ஊரில் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் தாங்களாக வருவதில்லை. கூட்டி வரப்படுகிறார்கள். போன் செய்து நேரம் கேட்பது அப்பா. ஃபீஸை ஜிபேயில் அனுப்புவது அண்ணன். வெளியே பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பது அம்மா. உள்ளே வருகிற பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு, ஐடி வேலை, என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறவள். செஷன் முடிந்து கதவைத் திறந்தால் அம்மா எழுந்து வந்து முதலில் கேட்பது இதுதான்: “என்ன மேடம் சொன்னா? எங்கிட்ட சொல்லலாம்ல, நான் பெத்தவதானே?”

இந்தக் கேள்வி கேட்டு எனக்குக் கோபம் வந்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மகள் ஹாலில் நடப்பதைப் பார்த்து, கோயில், ஜாதகம், குடும்ப டாக்டர் எல்லாம் முடித்துவிட்டுத்தான் அவர் என் வாசலுக்கு வந்திருக்கிறார். ஆனால் நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த வாரம் அந்தப் பெண் வரமாட்டாள். வந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். மனநல மருத்துவர் கையில் மாத்திரையாவது இருக்கிறது. பேச்சை மட்டுமே நம்பிப் பிழைக்கிற என்னைப் போன்ற உளவியலாளருக்கு, சொன்னது வெளியே போகாது என்கிற உறுதியைத் தவிர வேறு கருவி கிடையாது.

சட்டம் இதில் என் பக்கம்தான் நிற்கிறது, ஓரளவுக்கு. 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சையில் தெரிந்துகொண்டதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவப் பணியாளரின் கடமை என்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகள் உண்டு. இன்னொரு விலக்கும் உண்டு: நோயாளியின் ‘நியமனப் பிரதிநிதி’யிடம் தகவலைச் சொல்லலாம். பதினெட்டு வயது நிறைந்த எவரும் தனக்கு வேண்டியவரைப் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ளலாம். நியமிக்காவிட்டால் உறவினர்தான் அந்த இடத்துக்கு வருவார். சட்டம் இப்படிப் பின்வாசலைத் திறந்து வைத்திருப்பது பலருக்குத் தெரியாது.

அதை அடைக்கும் வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. பிரதிநிதியின் பெயரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும். முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் வேண்டாம். பிறகு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். தேவைப்படும் என்று தோன்றுகிறவர்களிடம் முதல் நாளே ஒரு தாளை நீட்டிவிடுவேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் யோசிக்கிற அந்த இரண்டு நிமிடத்தில் குடும்ப வரைபடமே எனக்குக் கிடைத்துவிடும். அம்மா பெயரை எழுதப் போய், அடித்துவிட்டுச் சித்தி பெயரை எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு பாதி வேலை வீடியோவில் நடக்கிறது. ஊர்விட்டு ஊர் அலைய வேண்டாம், நல்லதுதான். ஆனால் இரண்டு அறை வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறவர்கள் உண்டு. நிறுத்தி வைத்த காருக்குள்ளிருந்து பேசுகிற கணவர்கள் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் சட்டென்று சிரித்து, “ஆமா மேடம், ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணிட்டேன்” என்பாள். மாமியார் அறைக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். மீதியைத் திரையில் டைப் செய்வாள்.

இதனால்தான் இளைஞர்கள் சாட்ஜிபிடியிடம் மனசு விட்டுப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். அது அம்மாவிடம் போய்ச் சொல்லாது. ஆனால் மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அந்த உரையாடல்களுக்கு இல்லை. வழக்கென்று வந்தால் கொடுக்க வேண்டிவரலாம். அதை நடத்தும் நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்ட விஷயம் இது.

சில பெற்றோர் ரகசியத்தைக் கேட்பதில்லை. ஆளையே மாற்றித் தரச் சொல்கிறார்கள். “பையனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டமில்ல மேடம், நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க.” 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் ஒன்றாக வாழ்வதற்காகச் சென்னைக்கு வந்து, பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுக்க, பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். அதோடு விடவில்லை. தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை, தீர்ப்பு எழுதும் முன் தானும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதே உளவியலாளரிடம் தானும் ஒரு செஷனுக்குப் போனார். ஜூன் மாதம், பாலீர்ப்பை ‘குணப்படுத்த’ முயலும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பின் நகல் என் மேசை டிராயரில் இருக்கிறது. வாதாடிக் களைத்த நாட்களில் எடுத்து நீட்டுவேன். ஃபீஸ் கொடுப்பவர் கேட்டதாலேயே ஒரு வேலையை நான் எடுத்துச் செய்துவிட முடியாது என்பதை, நான் சொல்வதைவிட கோர்ட் சொன்னால் அப்பாக்கள் சீக்கிரம் கேட்டுக்கொள்கிறார்கள்.

பதினெட்டுக்குக் கீழே கதை வேறு. 2012-இன் போக்சோ சட்டம், சம்மத வயதைப் பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்த்தியது. சிறார் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவரும் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஆகவே பிளஸ் டூ படிக்கிற பெண் வந்தால், அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே எதையெல்லாம் என்னால் ரகசியமாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிடுகிறேன். சொல்லி முடித்ததும் சிலர் பேச வந்ததை விழுங்கிவிட்டு, பரீட்சை பயம் என்கிறார்கள். சக மாணவனோடு பழகியதைச் சொல்ல வந்தவள் என்று எனக்குப் புரிகிறது. தோண்டிக் கேட்டால் அந்தப் பையன் மேல் வழக்கு வரும். 2022-இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை மருத்துவர்கள் வெளியிட வேண்டியதில்லை என்று சற்றுத் தளர்த்தியது. பேச்சு சிகிச்சை செய்கிறவர்களுக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் போலீசுக்குச் சொல்லும் கடமையையே எடுத்துவிட வேண்டும் என்று சிலர் வாதிடும்போது எனக்கு உடன்பாடில்லை. தொல்லை கொடுத்தது தாய்மாமனாகவோ பெரியப்பாவாகவோ இருக்கும் வீடுகளும் என் கதவைத் தட்டுகின்றன. பிள்ளை என்ன சொன்னாள் என்று துடித்துக் கேட்ட அதே அம்மா, கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தி, “இது நமக்குள்ளேயே இருக்கட்டும் மேடம், வெளிய தெரிஞ்சா குடும்பமே சந்தி சிரிச்சிடும்” என்பார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் அழவிட்டு, புகாரை அவர் எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுவேன்.

(தொடரும்)